இடது கைப்பிடியின் சூடு

திண்டுக்கல்லில் முதன்முதலாக ஹீட்டர் கிரிப் மாட்டிய எலக்ட்ரீசியன் என்று எங்கள் டூவீலர் மெக்கானிக் சங்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "இப்ப புது வண்டியில கம்பெனிக்காரனே மாட்டிக் குடுத்துடுறான். நீங்க அப்பவே கையால மாட்டுன ஆளுண்ணே. நம்ம பயலுக தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

நம்ம பயலுகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு திருத்தம். திண்டுக்கல்லில் முதன்முதலாக ஹீட்டர் கிரிப்பைத் தப்பாக மாட்டியவனும் நான்தான். இரண்டு பெருமையும் ஒரே வண்டியில் கிடைத்தது. செயலாளர் இதைப் படித்துவிட்டு மலரில் போடுவாரா, அந்தப் பக்கத்தை டயர் கடை விளம்பரத்துக்கு விற்றுவிடுவாரா என்று தெரியவில்லை.

ஹீட்டர் கிரிப் என்பது வேறொன்றுமில்லை. ஹேண்டில்பாரில் நாம் பிடிக்கிற ரப்பருக்குள் ஒரு கம்பிச் சுருளை வைத்து, பேட்டரி கரண்டில் அதைச் சூடாக்குவது. பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் தங்கள் விரல்களுக்காகச் செய்துகொண்டது. நம் ஊரில் சித்திரை மாதம் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால், கர்சீப் சுற்றாமல் ஹேண்டிலைத் தொட முடியாது. இந்த ஊரில் அதைத் தேடி ஒருவர் வருவார் என்று நானும் நினைத்ததில்லை.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். படித்து முடித்ததும் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குக் கல்யாணம் மட்டும் செய்து வைத்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் சேர்ந்தேன். ஹாரனில் தொடங்கி, மேக்னெட் காயில் சுற்றக் கற்று, கையில் கொப்புளம் வாங்கி, பிறகு பேகம்பூரில் காசிம் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். வேலையிலிருந்து நின்றதும் அங்கேதான். முதல் நாளே பாய் எனக்கு 'பி.எஸ்சி.' என்று பெயர் வைத்துவிட்டார். என் சொந்தப் பெயர் ரேஷன் கடையோடு சரி.

பாய் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பாலிடெக்னிக் படித்தவர். ஒர்க்‌ஷாப்பிலும் வெள்ளைச் சட்டைதான், அதில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது வேலையில் தப்பு செய்தால், தப்பு செய்தவருக்கு மட்டும் ஒரு டீ சொல்வார். மற்றவர்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்க, அவர் மட்டும் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்து முடிக்க வேண்டும். பாய் எதிரில் நின்று, "சக்கரை போதுமா?" என்று கேட்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அந்த டீ தொண்டையில் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று குடித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் டீ வேண்டாம் என்று காலில் விழுந்திருக்கிறான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வண்டியானாலும் அது எந்த வேலைக்குப் போகிறதோ அந்த வேலையோடு ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பால்காரர் வண்டி என்றால் பாய் இரண்டு கேனில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவார். நெய்க்காரப்பட்டித் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு நான் ஹெட்லைட் சரிசெய்து வைத்திருந்தபோது, பாய் பின்னால் இரண்டு மூட்டைத் தேங்காய் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் முகத்தில் விழுந்தது. அன்றைய டீ எனக்கு.

அப்படியும் எனக்கு இந்த வழக்கத்தில் நம்பிக்கை வரவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் தேங்காய் மூட்டை தேவை என்பது என் எண்ணம்.

கோமதி டாக்டர் வந்தது ஒரு புரட்டாசியில். அரசாங்கக் கால்நடை மருத்துவர். நெய்க்காரப்பட்டியில் பிறந்தவர். குடியிருந்தது திண்டுக்கல்லில், வேலை தாண்டிக்குடிப் பக்கம் மலையில். காப்பித் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில், ஜீப் நின்றுவிடுகிற இடத்துக்கு அப்பாலும் மாடுகள் இருக்கின்றன. அதனால் மண்பாதையில் ஓட்டுகிற உயரமான ஆஃப்ரோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். டாக்டர் குள்ளம். வண்டியை நிறுத்தி இறங்குவதற்கு ஒரு கல்லோ திட்டோ தேடுவார். பாய் அந்த வண்டிக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார், டாக்டரின் காதுபடவே.

டாக்டர் ஒரு பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். இரண்டு கறுப்பு ரப்பர் கைப்பிடிகள், ஒரு சுவிட்ச், கொஞ்சம் வயர்.

"ஏனுங்க, இதை மாட்டித் தர முடியுங்களா? கைக்குச் சூடு குடுக்குறதுங்க."

பாய் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, பேகம்பூர்ல வந்து சூடு கேக்குறீங்களே. செத்த நேரம் வண்டிய வாசல்ல விட்டீங்கன்னா நாங்க ஓசியிலயே ஏத்தித் தருவோமே."

"அதைக் கட்டி மலைக்கு எடுத்துட்டுப் போக முடியாதுங்களே பாய்."

சிரித்துவிட்டுத் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். குளிர் பட்டால் அவருக்கு விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்து மரத்துவிடுமாம். நீளமான பெயருள்ள ஒரு கோளாறு. விடியற்காலையில் மலை ஏறிப் போய் இறங்கினால் அரை மணி நேரத்துக்கு அந்தக் கை அவருடையது இல்லை.

"மாட்டுக்கு உள்ளே கன்னு எப்படிக் கிடக்குதுன்னு கையை விட்டுத்தான் பாக்கணும்ங்க. எங்களுக்கு அது இடது கை. படிக்கையில இருந்தே அப்படிப் பழகியாச்சு. என் கண்ணு இந்த விரல்லதாங்க இருக்குது. உசுரோட இருக்குற கன்னு வாயில விரலை வெச்சா சப்பும். அது தெரியணும்ல? தெரிஞ்சாத்தான் எப்படி இழுக்குறதுன்னு முடிவு பண்ண முடியும்."

அந்த வார்த்தையை அன்று நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டியது தப்பு என்றாலும் மாட்டிய விதத்தில் குறை சொல்ல முடியாது. பழைய கைப்பிடிக்குள் கம்ப்ரசர் காற்றை ஊதினால் ரப்பர் உப்பிக்கொண்டு தானாகக் கழன்று வரும். இடது பக்கம் வெறும் இரும்புக் குழாய். வலது பக்கம் அதே குழாய்மேல் ஆக்சிலேட்டருக்கான பிளாஸ்டிக் உறை சுழலும். அந்த உறையில் இருக்கும் மேடுகளை அரத்தால் ராவி வழவழப்பாக்கினால்தான் புதுக் கைப்பிடி ஏறும். வயர் வெளியே வருகிற இடத்தை யோசித்து வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது வயர் பிரேக் லீவரில் மாட்டிக்கொண்டால், கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பாது. மண்பாதையில் அது ஆளைக் கொல்லும். அதனால் வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தேன்.

கரண்டை ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்கவில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ், பிறகு ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச். அந்த ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலையை மட்டும் பின் விளக்கு வயருக்குக் கொடுத்தேன். சாவி போட்டால்தான் சூடு வரும். சுவிட்சை அணைக்க மறந்தாலும் பேட்டரி தீராது. டேங்கைக் கழற்றி, கம்பெனி வயரோடு சேர்த்துத் துணி டேப் சுற்றிக் கொண்டுபோனேன். இதில் எதையும் மாற்றாமல் இன்றைக்கும் நீங்கள் செய்யலாம்.

கடைசியில் மீட்டரை வைத்தேன். அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது.

இரண்டு கைப்பிடியும் சமமாக இல்லை. இடது பக்கச் சுருள் அதிகக் கரண்டை இழுத்தது, சீக்கிரம் சூடேறியது. வலது அப்படி இல்லை. பெட்டியில் ஒரு தாள் இருந்தது. அதிலிருந்த எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து. ஜோடியாக வருகிற பொருள் இரண்டும் ஒரே அளவாகத்தானே இருக்க வேண்டும்? இடது சுருளுக்குள் எங்கோ ஷார்ட் ஆகிறது, மலிவுச் சரக்கு என்று முடிவு செய்தேன். பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒரு ரெசிஸ்டரைத் தேடி எடுத்தேன். சுண்டுவிரல் அளவுச் சாமான், கரண்டைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். அதை இடது பக்க வயரில் கோர்த்து, ஹெட்லைட் கூட்டுக்குள் மறைத்துக் கட்டினேன். இப்போது மீட்டரில் இரண்டும் ஒன்று.

நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தி இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாய் வந்தார். "யோவ் பி.எஸ்சி., இத மலையிலல்ல ஓட்டிப் பாக்கணும்?"

"பாய், கரண்டுக்கு மலை தெரியாது, தரை தெரியாது. மீட்டர் பாத்தாச்சு."

"தேங்காய்க்குத் தெரிஞ்சுச்சே" என்றார் பாய். ஆனால் அன்று அவர் தங்கை மகன் நிக்காஹ்வுக்குப் பந்தல்காரர் வந்து காத்திருந்தார். பாய் போய்விட்டார். வண்டியும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து டாக்டர் வந்தார். "வலது கை நல்லா இதமா இருக்குதுங்க. இடது கைதான் ஆறிப்போன காப்பி டம்ளரைப் புடிச்ச மாதிரி இருக்குது. ஒருக்கா பாருங்களே."

நான் மீட்டரை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே இரண்டு பக்கமும் வைத்தேன். முள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றது.

"பாருங்க டாக்டரம்மா, ரெண்டும் சமம். மீட்டர் பொய் சொல்லாது. உங்க இடது கைக்குத்தான் ரத்த ஓட்டம் கம்மியா இருக்கணும்."

"மாட்டு டாக்டருக்கு நீங்க கை டாக்டருங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தன் இடது கையைப் பார்த்தார். "அப்படியும் இருக்கும்ங்க" என்றார்.

அவர் என்னை நம்பிவிட்டார். படித்தவன் சொல்கிறான், மீட்டரும் சொல்கிறது. அடுத்த மாதம் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் போய் இடது கைக்கென்று சோதனைகள் செய்துகொண்டார். மாத்திரை தொடங்கினார். அதைச் சாப்பிட்டால் தலை கிறுகிறுக்கிறது என்று ஒருமுறை சொன்னார். நான், "வெந்நீர் நெறைய குடிங்க" என்று அதற்கும் ஒரு வைத்தியம் சொன்னேன்.

மார்கழியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை குறை சொல்ல வரவில்லை. "சமவெளிக்கு மாறுதல் கேட்டு எழுதலாம்னு இருக்கேனுங்க. கைய நம்பி மலைக்குப் போக முடியலை. வண்டியை வித்துத் தருவீங்களா பாய்?"

பாய்க்கு விற்பனையில் கமிஷன் கிடைக்கும். ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார். "விக்கிறதுக்கு முன்னாடி நம்ம பி.எஸ்சி. ஒருதரம் மலைக்குப் போயி பாத்துட்டு வந்துரட்டும். வழக்கம் ஒண்ணு பாக்கி நிக்குது."

அப்படித்தான் வேலையை விட்டு நிற்கப் போகிற வயதில் நான் ஒட்டகத்தின் பின் சீட்டில் ஏறினேன். மப்ளர், மங்கி குல்லா, என் மனைவி வற்புறுத்தி மாட்டிவிட்ட ஸ்வெட்டர் இரண்டு. மடியில் மீட்டரும் கட்டரும் உள்ள பை. விடிகிற நேரத்தில் பேகம்பூரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"டாக்டரம்மா, வளைவுல பாத்துத் திருப்புங்க. எங்க பி.எஸ்சி. உதிர்ந்துருவாரு" என்றார் பாய்.

"மாட்டுக்கே ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறவளுங்க நான்" என்றார் டாக்டர்.

பட்டிவீரன்பட்டி தாண்டும் வரை நான் ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டிருந்தேன். வளைவுகள் ஏற ஏற எல்லாம் மாறியது. மூக்கு எரிந்தது. மேலே ஒரு திருப்பத்தில் டாக்டர் திட்டு ஒன்று பார்த்து நிறுத்தி, "இனி நீங்க ஓட்டுங்க. உங்க கையில எப்படி இருக்குதுன்னு பாருங்க" என்றார்.

ஓட்டினேன். வலது உள்ளங்கையில் இதமான சூடு. இடது உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. ஸ்பெஷலிஸ்ட் தேவைப்படாத என் சொந்த இடது கையில்.

விஷயம் அடுத்த வளைவுக்குள் எனக்கு விளங்கிவிட்டது. இடது கைப்பிடி உட்கார்ந்திருப்பது வெறும் இரும்பில். மலைக்குளிரில் அந்த இரும்பு, சுருளின் சூட்டை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வலது கைப்பிடிக்கு நடுவில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் சூடு தங்குகிறது. அதைத் தெரிந்துதான் கைப்பிடியைச் செய்தவன் இடது பக்கத்துக்கு அதிகச் சூடு கொடுத்திருக்கிறான். நான் அதைச் 'சரி' செய்திருக்கிறேன். திண்டுக்கல் வெயிலில் அந்த இரும்பே கொதித்துக்கொண்டிருக்கும்போது அது எதை உறிஞ்சும்? உலோகம் வெப்பத்தைக் கடத்தும் என்பது நான் பரீட்சையில் படம் போட்டு எழுதிய பாடம்.

நிறுத்தி, ஹெட்லைட் கூட்டைத் திறந்து, அந்த ரெசிஸ்டரை வெட்டி வயரை முறுக்கிவிட டீ குடிக்கும் நேரம் போதும். கட்டர் பையில் இருந்தது.

நிறுத்தவும் செய்தேன். "டாக்டரம்மா" என்று தொடங்கினேன். அப்போது அவர் போன் அடித்தது. வாழைத் தோட்டம் வைத்திருக்கும் செல்லையா என்ற சம்சாரியின் மாடு. விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, கன்று வெளியே வரவில்லை. டாக்டர் உடனே ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். "ஏறுங்க சார், அங்க போயி பேசிக்கலாம்."

செத்த நேரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் அந்த ரெசிஸ்டர் அங்கே எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் அவர் மாத்திரை சாப்பிட்டதற்கு யார் காரணம் என்று சொல்ல வேண்டும். நான் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். மண்பாதையில் அரை மணி நேரப் பயணம். வழி முழுவதும் அவருடைய இடது கை அந்தக் குளிர்ந்த கைப்பிடியில். என் மடியில் கட்டர்.

செல்லையா தொழுவத்தில் டாக்டர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, இடது கையை மாட்டுக்குள் விட்டார். விரல்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நேரம் போனது.

"என்னம்மா, உசுரு இருக்கா?" என்றார் செல்லையா.

"எது காலு, எது மூஞ்சின்னே தெரியலைங்க" என்றார் டாக்டர். வலது கையை விட்டுப் பார்த்தார். அதற்குப் பழக்கமில்லை. வெந்நீர் கேட்டார். குண்டான் வந்தது. இடது கையை அதில் முக்கிக்கொண்டு மாட்டின் முதுகில் தலையைச் சாய்த்து நின்றார். விரலில் நிறம் திரும்பும் வரை மாடு முக்கிக்கொண்டே இருந்தது. பிறகு மறுபடி கையை விட்டதும், முகம் மாறி, கயிற்றைக் கேட்டு, மடங்கிக் கிடந்த காலை நிமிர்த்திக் கன்றை இழுத்துப் போட்டார்.

அது இரண்டு மூச்சு விட்டது. பிறகு விடவில்லை.

டாக்டர் எழுந்து செல்லையாவிடம், "முதல்லயே உசுரோட இருந்திருக்குதுங்க. என் கைக்குத் தெரியலை. என் கைதாங்க மோசம் பண்ணிருச்சு. மன்னிச்சுக்கங்க" என்றார்.

"விடுங்கம்மா. மாடு பொழச்சுக்கிருச்சுல்ல" என்றார் செல்லையா. ஆனால் அவர் டாக்டரின் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இனி இந்தக் கையைக் கூப்பிடலாமா என்ற யோசனை இருந்தது. நான் தொழுவத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே வந்ததும், "கனெக்‌ஷன் லூசா இருந்துச்சு, சுத்தம் பண்றேன்" என்று சொல்லி அந்த ரெசிஸ்டரை வெட்டி எடுத்தேன். பாய் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

"கையில என்னய்யா?"

"பழைய சாமான் பாய்."

பாய் என் மூடிய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தெருப் பக்கம் திரும்பி, "ஒரு டீ" என்றார். ஒன்றே ஒன்று.

வந்தது. குடித்தேன். அன்று அவர் சர்க்கரை போதுமா என்று கேட்கவில்லை.

தை மாதம் டாக்டர் நெய்க்காரப்பட்டி வெல்லம் ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சார், கை குணமாயிருச்சுங்க! இப்பெல்லாம் ரெண்டு கையும் இதமா இருக்குது. அந்த மாத்திரைதான் வேலை செஞ்சிருக்குது. கிறுகிறுப்பு இருந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு இருக்கேன். ஆனா பிரசவத்துக்குக் கூப்பிட்டா மட்டும் பயமா இருக்குதுங்க. பக்கத்து டாக்டரை அனுப்பிடுறேன்."

வெல்லம் நல்ல வெல்லம். வீட்டில் பொங்கலுக்குப் போட்டார்கள். எல்லோரும் ருசியாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் சர்க்கரை வியாதி இருப்பதாக அன்றைக்குப் புதிதாகச் சொல்லித் தப்பித்தேன்.

கிட்டத்தில் மெல்லிய வயர்கள் கண்ணுக்குத் தெரியாததால் அடுத்த வருடம் வேலையிலிருந்து நின்றேன். மாலை போட்டார்கள். திண்டுக்கல்லில் முதன்முதலாக என்று அந்த மேடையில்தான் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். பாய் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது செயலாளர் வந்து அதையே எழுதச் சொன்னதும், பொய்யை அச்சில் வேறு ஏற்றுவதா என்று இருந்தது. எழுத உட்காருவதற்கு முன்னால் டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

எதையும் குறைக்காமல் சொன்னேன். மேஜைமேல் அந்த ரெசிஸ்டரை வைத்தேன். டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"செல்லையா தொழுவத்துல நீங்க நின்னுட்டு இருந்தீங்கல்ல?"

"ஆமா டாக்டரம்மா."

"நான் கையைத் திட்டினப்போ உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அதுக்கு முன்னாடி, நான் ஓட்டிட்டுப் போனப்போ?"

"அப்பவும் தெரியும். பையில கட்டர் இருந்துச்சு."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர் டீ. ஒரே ஒரு டம்ளர். எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரையை என்ன பண்றதுன்னு அந்த டாக்டர்கிட்ட நான் கேட்டுக்குறேன். என்கிட்ட மன்னிப்புக் கேக்குறதுல என்னங்க இருக்குது? என் கையைப் பத்தி நான் தப்பாச் சொன்னது செல்லையாகிட்ட. அதை அவர்கிட்டப் போயி நீங்க திருத்துங்க. வண்டி சாவி இந்தாங்க."

ஒட்டகத்தில் தனியாக மலை ஏறினேன். மங்கி குல்லா உண்டு. ஒரு ஸ்வெட்டர்தான், மனைவி ஒன்றைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு கையும் இதமாக இருந்தன. மலையில் அந்தச் சூடு எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை.

செல்லையா வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். சுருள், இரும்பு, பிளாஸ்டிக் என்று நான் விளக்கியதை நடுவில் நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கெதுக்கு? டாக்டரம்மா கையில கொறை இல்ல. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான். கொறை என் கையில."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா மலை ஏறி வர்ற சிரமம் மிச்சம். அன்னைக்குத்தான் இங்கயே நின்னீகளே."

அவர் மாட்டின் பக்கம் கையைக் காட்டினார். அதே மாடு, வயிறு இறங்கியிருந்தது. "அடுத்த மாசம் ஈனும். வேற ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தேன். இப்ப வேண்டாம்னு சொல்லிப்புடுறேன். அந்தம்மாவையே வரச் சொல்லுங்க."

சொன்னேன். டாக்டர், "பாக்கலாமுங்க" என்றார். அவ்வளவுதான். கைக்கு இன்னும் தன்மேல் நம்பிக்கை வந்திருக்காது. அதை ஒரு கட்டரால் வெட்டி எடுத்துவிட முடியாது.

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நேற்று முன்பகலில் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெயிலில் நின்ற வண்டிகளை யாரும் தொட முடியவில்லை. என் போன் அடித்தது. டாக்டரின் பெயர். எடுத்தால் பேச்சு இல்லை. மாடு முக்குகிற சத்தமும் செல்லையா ஏதோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. போனை யாரோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாய்க்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"முன்னங்காலு," என்றது டாக்டரின் குரல், தனக்குத்தானே சொல்வதுபோல. "இது இன்னொண்ணு. முட்டி மடங்கியிருக்குது. சரி... இது தாடை." பாய் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

பிறகு டாக்டர் சிரிப்பது கேட்டது.

"பி.எஸ்சி. சார், விரலைச் சப்புதுங்க! இது உங்க மீட்டர்ல எவ்வளவு காட்டும்னு பாத்துச் சொல்லுங்க."